டஸ்கலூசாவில் எங்களைக் காத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் ஏப்ரல் வந்தால் இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன், எழுதாமலே மே வந்துவிடும். இந்த முறை எழுதிவிடுகிறேன்.

2011 ஏப்ரல் 27, புதன்கிழமை. அலபாமாவின் டஸ்கலூசாவில், ஆற்றுக்கு வடகரையான நார்த்போர்ட்டில் குடியிருந்தோம். அமெரிக்கா வந்து ஏழு மாதம்தான், கையில் பத்து மாதக் குழந்தை. நான் நாகப்பட்டினத்துக்காரி, புயல் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் புயல் நாலு நாள் கடலில் சுற்றி, துறைமுகத்தில் கூண்டு ஏற்றவைத்து, சொல்லிவிட்டு வரும். டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று, அப்படி இல்லை. இடி மழை வரலாம் என்று சில நாள் முன்பே சொல்ல முடியும், எந்தத் தெருவில் இறங்கும் என்பது கடைசி சில நிமிடங்களில்தான் தெரியும்.

அதனால் முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அன்று விடியற்காலையிலேயே ஒரு சுற்று அடித்துவிட்டுப் போயிருந்தது, மாநிலத்தில் எத்தனையோ வீடுகளில் மின்சாரம் இல்லை. அதோடு முடிந்தது என்று நானும் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூன்று மணிக்குக் கதவைத் தட்டி, செங்கல் அளவில் ஒரு வானிலை ரேடியோவைக் கையில் வைத்து, "வாட்ச்" என்றால் என்ன, "வார்னிங்" என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறது என்பது வாட்ச், பொங்கிவிட்டது என்பது வார்னிங் என்று நான் மனதில் முடிந்துகொண்டேன். அப்புறம் என் காலைப் பார்த்து, செருப்பு வேண்டாம், ஷூ போடு, குழந்தைக்கும் போடு என்றீர்கள். வீடு விழுந்தால் ஆணிமேலும் கண்ணாடிமேலும்தான் நடந்து வெளியே வர வேண்டும் என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அடுத்தது ஏபிசி 33/40 தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் ஜேம்ஸ் ஸ்பான் அவர்களுக்கு. நீங்கள் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றால் நிலைமை மோசம் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரேடாரின் சிவப்பும் பச்சையும் எனக்குப் புரியவில்லை, ஆனால் ஊர்க்காரர் வழி சொல்வதுபோல் இடம் இடமாகப் பேர் சொன்னீர்களே, அது புரிந்தது. ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டஸ்கலூசா கேமராவில் அது தெரிந்தது. யானைத் துதிக்கை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது கருப்பாக ஒரு சுவர். ஓரத்தில் காகிதத் துணுக்குகள் மாதிரி என்னவோ பறந்தது, அது கூரை என்று உறைக்கவே சில நொடி ஆயிற்று. என் கணவர் அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியல் தொட்டியில் உட்கார்ந்து மெத்தையை மேலே இழுத்துக்கொண்டேன், கதவுக்கு அப்பால் உங்கள் குரல் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எங்கள் பக்கம் வரவில்லை. தெற்கே, நான் காய்கறி வாங்கப் போகும் 15வது தெருவும் மெக்ஃபார்லேண்ட் சாலையும் சேரும் முனை, ஆல்பர்ட்டா, ரோஸ்டேல் எல்லாம் போய்விட்டன. அந்த ஒரு டொர்னேடோ ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தரையோடு ஓடி பர்மிங்ஹாம் புறநகர் வரை போயிற்று, 60 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. போன் போகவில்லை. இரவு ஒன்பதரைக்கு ஒரு பிக்கப் டிரக் வாசலில் வந்து நின்றது, அதிலிருந்து இவர் இறங்கினார். ஓட்டி வந்தவர் பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் நன்றி.

தேசிய வானிலை சேவையின் பர்மிங்ஹாம் அலுவலகத்தில் அன்று முழுக்க எச்சரிக்கை மேல் எச்சரிக்கை எழுதியவர்களுக்கும், சாலையோரம் நின்று கண்ணால் பார்த்துத் தகவல் சொன்ன தன்னார்வலர்களுக்கும், ஹாம் ரேடியோக்காரர்களுக்கும் நன்றி. காற்றில் பறந்துபோன போட்டோக்களையும் காகிதங்களையும் பொறுக்கி, படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, யாருடையது என்று தேடித் தேடிச் சேர்த்தவர்களுக்கும்.

ஆபர்ன்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் ஆபர்ன் பல்கலைக்கழகமும் எங்கள் அலபாமா பல்கலைக்கழகமும் பரம எதிரிகள், அதற்குச் சில மாதம் முன்புதான் ஆபர்னின் பழைய ஓக் மரங்களுக்கு எங்கள் அணியின் ரசிகர் ஒருவர் விஷம் வைத்திருந்தார். அந்த மரங்கள் அப்போது நின்ற டூமர்ஸ் முனையின் பேரிலேயே 'டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா' என்று குழு ஆரம்பித்துத் தண்ணீரும் டயப்பரும் போர்வையும் அனுப்பியவர்கள் அவர்கள். அந்த டயப்பர்களை வகை பிரித்து அடுக்க நானும் ஒரு வாரம் போனேன்.

அம்மா, நீங்கள் மகள் வீட்டுக்கு ஜார்ஜியா போன பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. உங்கள் ரேடியோ என்னிடம்தான் இருக்கிறது, போன வாரம்தான் பேட்டரி மாற்றினேன். அன்று நீங்கள் ஷூ போட்டுவிட்ட பையன் இப்போது என்னைவிட உயரம்.