தலைகீழாக ஓடும் விசிறியும் காணாமல் போன என் பழைய ரேடியேட்டரும்: புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் ஐந்து தடவை, வாட்ஸ்அப்பில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் "பழைய வண்டி சார், சூடாகத்தான் செய்யும்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதனால் இனிமேல் எழுத்திலேயே பேசிக்கொள்வோம்.

என் வண்டி 1965 எம்ஜிபி, பிரிட்டிஷ் எம்ஜி கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, துணிக் கூரை. மார்ச் 3 அன்று உங்கள் புதுச்சேரி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பத்து நாளில் முடியும் என்றீர்கள், ஏப்ரல் 11 அன்றுதான் கைக்கு வந்தது. மறந்திருக்க மாட்டீர்கள், உங்கள் வாசலில் நிறுத்தி வீடியோ எடுத்து விளம்பரமே போட்டீர்களே, அந்த வண்டிதான். (அந்த வீடியோவுக்குப் பிறகு வருகிறேன்.) நான் கேட்டது இரண்டு வேலை. கோடையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் வெப்ப முள் ஏறுகிறது, அதற்கு அலுமினிய ரேடியேட்டரும் எலெக்ட்ரிக் விசிறியும். சஸ்பென்ஷன் தளர்ந்துவிட்டது, அதற்கு முன்பக்கம் புது வி8 புஷ் (மூட்டில் உட்காரும் ரப்பர் உருளை), பின்பக்கம் கை வைத்த பழைய லீவர் ஷாக்கை எடுத்துவிட்டு குழாய் மாதிரி இருக்கும் டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர். மொத்தம் 1,46,800 ரூபாய், ஒரு ரூபாய் குறைக்காமல் கட்டினேன்.

வண்டியை எடுத்த அன்று பங்குனி உத்திரம். முருங்கப்பாக்கம் வரை முள் நடுவிலேயே நின்றது, எனக்கும் சந்தோஷம்தான். அரியாங்குப்பத்தில் கூட்டத்தில் ஊர்ந்தபோது ஏற ஆரம்பித்தது. சரி, கூட்டம் விட்டு ரோடு காலியானால் காற்று பட்டு இறங்கிவிடும் என்று நினைத்தேன். தவளக்குப்பம் தாண்டி அறுபதில் போகிறேன், இறங்க வேண்டிய முள் இன்னும் மேலே போகிறது. கிருமாம்பாக்கத்தில் ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் குப்பென்று ஆவி. டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, "மூடியில கை வெச்சிடாதீங்க சார்" என்று கத்தினார். உங்கள் ஆட்களைவிட அவருக்கு ரேடியேட்டரைப் பற்றிக் கூடவே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் முன்னால் இருந்த எம்ஜி சின்னத்தைப் பார்த்து, "ஹெக்டர்ல இது எந்த மாடல் அண்ணே?" என்று கேட்டான், அந்த நேரத்தில் அதற்குச் சிரிக்கக்கூட முடியவில்லை. 22 கிலோமீட்டர் வீட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது.

அப்புறம் உங்களுக்குப் போன் செய்ததும் நீங்கள் சொன்னதும் உங்களுக்கே தெரியும்.

திருப்பாதிரிப்புலியூரில் நாற்பது வருஷமாக அம்பாசடர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்ததுமே "இது நம்ம அம்பாசடருக்கு அண்ணனாச்சே" என்றார். உண்மைதான், பழைய அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதில் இருக்கும் 1798 சிசியும் ஒரே குடும்பம், பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி செய்த பி-சீரிஸ் இன்ஜின்கள். இன்ஜினை ஓடவிட்டு, உங்கள் விசிறியைப் போடச் சொன்னார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து முன்பக்க கிரில்லுக்கு நேராகப் பிடித்தார். தாள் கிரில்லில் போய் ஒட்ட வேண்டும். அது படபடவென்று அடித்துக்கொண்டு என் சட்டையில் வந்து ஒட்டியது. இன்னொரு தாளைக் கிழித்தார், அதுவும் அப்படியே.

காரணம் இதுதான். 1967க்கு முந்தைய எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும், மைனஸ்தான் கரண்ட் வரும் ஒயர். உங்கள் எலெக்ட்ரீஷியன் இந்தக் காலத்துக் கார்களுக்குச் செய்கிற பழக்கத்தில் சிவப்பு ஒயரைக் கரண்டிலும் கறுப்பு ஒயரைப் பாடியிலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வண்டி நிற்கும்போது இன்ஜின் பக்கத்துச் சூட்டையே இழுத்து ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளுகிறது, ஓடும்போது எதிரே வருகிற காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. போதாததற்கு வாட்டர் பம்ப் புல்லியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய விசிறியையும் கழற்றிவிட்டீர்கள். இன்ஜின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறீர்கள். உள்ளே ஊற்றியிருந்தது கூலன்ட் இல்லை, வெறும் போர்வெல் உப்புத் தண்ணீர். அலுமினிய ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே அரிக்கும் என்பது அதை விற்கிற உங்களுக்குத் தெரியாதா? மூடியைத் திறந்தபோது வாயோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலில் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி வருகிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பெரியவர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார், கூலி 200 ரூபாய். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டு, பழையதை வடித்துக் கழுவி, கூலன்ட் ஊற்றினோம். போன வாரம் மத்தியானம் ஒன்றரை மணிக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து முள்ளோடை வரை வேண்டுமென்றே போய்வந்தேன். முள் நடுவைத் தாண்டவில்லை. பழைய வண்டி சூடாகத்தான் செய்யுமாம்!

இப்போது சஸ்பென்ஷன். முன்பக்க லீவர் ஷாக்கைக் கழற்றாமல் விட்டதற்கு உண்மையாகவே நன்றி, அதன் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையாகவும் (விஷ்போன்) வேலை செய்கிறது என்று உங்களில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் புஷ்? வி8 புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியே இருக்கும். அதனால் வண்டியைக் கீழே இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். உங்கள் விளம்பர வீடியோவை 40ஆவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். வண்டி ஜாக்கியில், சக்கரம் அந்தரத்தில், பையன் சிரித்துக்கொண்டே அந்த போல்ட்டைத்தான் முறுக்குகிறான். ஐந்தே வாரத்தில் இடது பக்கப் புஷ் பிளந்துவிட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் கிரீச் என்று ஒரு சத்தம், தெருநாய்கூட எழுந்து பார்க்கிறது.

பில்லில் "1 இன்ச் லோயரிங் ஸ்பிரிங்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. கேட்டால் "லுக் நல்லா இருக்கும் சார்" என்கிறார்கள். ஏற்கெனவே தரையோடு தரையாக ஓடுகிற வண்டி. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, கடலூர் சாலையில் அவரவர் ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்ட தடைக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. ஒவ்வொன்றிலும் சைலன்ஸர் உரசுகிறது. வண்டிக்கு அடியில் போகும் புகைக் குழாயில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் பெரிது. என் பழைய ரேடியேட்டர் எங்கே? வண்டியை விடும்போதே கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று சொன்னேன், வேலைச் சீட்டிலும் எழுதியிருக்கிறது, உங்கள் ஆள் கையெழுத்தும் இருக்கிறது. பழைய விசிறி வந்தது, லீவர் ஷாக் வந்தது, ரேடியேட்டர் மட்டும் வரவில்லை. கேட்டால் "காயலான் கடைக்குப் போயிருக்கும் சார்" என்று ஒரு பையன் சொல்கிறான். செம்பும் பித்தளையும், கிலோ என்ன விலை போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதன் மேல் தொட்டியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஈயப் பற்று இருக்கும், 1988இல் என் மாமா தன் கையால் வைத்தது. வண்டியே அவருடையதுதான். அது ஒழுகியதே இல்லை. அடைப்புதான் இருந்தது, நடுவில் இருக்கும் குழாய்ப் பகுதியை (கோர்) மாற்றினால் இன்னொரு முப்பது வருஷம் ஓடும்.

ஆகவே, பதினைந்து நாளுக்குள் கிழிந்த புஷ்ஷுக்குப் பதில் புதுசு, பழைய உயரத்துக்கு ஸ்பிரிங், இரண்டையும் இங்கே பெரியவரிடம் பொருத்துகிற கூலி, விசிறி ஒயரிங்குக்கு நீங்கள் வாங்கிய 6,500 ரூபாய், பிறகு அந்த ரேடியேட்டர், இவ்வளவும் எனக்கு வந்து சேர வேண்டும். வண்டியை மறுபடியும் உங்களிடம் விடமாட்டேன், அந்தப் பேச்சே வேண்டாம். கேட்டது வரவில்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. வேலைச் சீட்டு, பில், போட்டோ, உங்கள் வீடியோ எல்லாம் தயாராக இருக்கிறது. வீடியோவை நீக்கிவிடலாம் என்று பார்க்காதீர்கள், நான் எப்போதோ டவுன்லோட் செய்துவிட்டேன்.

ரேடியேட்டரை அனுப்பும்போது அதன் மூடியையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிவப்பு எம்ஜிபி உரிமையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்