திருகோணமலையைத் தட்ட 10 விசை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலையில் ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பழக்குவதா, விசைப்பலகையைப் பாராமல் தட்டச்சுச் செய்யப் பழக்குவதா என்று வாதிடுவோர் தமிழை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டெழுத்து தரும் வேகம் ஆங்கிலத்தோடு நின்றுவிடும். தமிழை நாம் எழுத்தெழுத்தாகவே எழுதுகிறோம். சாதாரண தரப் பரீட்சை கையால் எழுதுவது என்பதால் கையெழுத்தைக் கைவிட முடியாது, ஆனால் அங்கே வேண்டியது தெளிவு. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. 'ர'வும் அரவும் (ா) ஒன்றுபோல் விழக்கூடாது. தரம் 5க்குள் இரட்டை றூள் கொப்பியில் இது சரியாகிவிட வேண்டும்.

தரம் 6இல் விரல்கள் விசைப்பலகைக்கு எட்டும். அப்போது தட்டச்சைத் தொடங்கலாம், அதுவும் தமிழில். இன்று பல பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தால் தட்டுகிறார்கள். 'திருகோணமலை'யை அப்படி thirukonamalai என்று தட்ட 14 விசை வேண்டும். தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைத்த தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் 10 போதும். ஆங்கில எழுத்தால் தட்டும்போது, ல, ள, ழ வேறுபாடு தெரியாத பிள்ளை கணினி காட்டும் முதற்சொல்லையே தெரிவுசெய்துவிடும். பிழை அப்படியே பதிந்துவிடும்.

தமிழ்99இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானாக விழும். 'பந்து'வும் அப்படியே: ப, ந, த, உ. சுட்டுவிரல்கள் தடவி அறியும் மேடுள்ள இரு விசைகளில் இடப்பக்கம் ஃ, வலப்பக்கம் ப. முதல் மூன்று வாரம் நடுவரிசையை விட்டு விரல் நகரவே கூடாது. அமுதம், இதயம், தகுதி, மதிப்பு என அந்த வரிசைக்குள்ளேயே போதிய சொற்கள் உண்டு. நாளுக்கு 20 நிமிடம், வாரம் நான்கு நாள். 100 விசைக்கு மூன்று பிழைக்குமேல் வந்தால் வேகத்தை அளக்கவே வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது அழிக்கும் விசையில்தான். அதைத் தொடப் பிள்ளை முழுக்கையையும் தூக்கும். திரும்பும்போது விரல் இடம் மாறி விழும், அதன்பின் கண் கீழே போகும். வலச் சிறுவிரலை மட்டும் நீட்டப் பழக்க வேண்டும். விசைகளில் எழுத்து ஒட்டிகள் ஒட்டாதீர்கள். வரைபடம் கண்ணுக்கு நேரே சுவரில் இருக்கட்டும். கால் தொங்கினால் தோள் உயர்ந்துவிடும், ஒரு பலகைப் பெட்டியை வைத்தால் போதும்.

மூதூர், குச்சவெளிப் பக்கத்துச் சிறு பாடசாலைகளில் ஒரு கணினிக்கு இருவரை இருத்தலாம்: ஒருவர் சொல்ல மற்றவர் தட்டட்டும், சொல்பவர் விரல்களையும் பார்க்கட்டும். பாடம் முடிந்ததும் விசைப்பலகையைத் துணியால் மூடுங்கள். உப்புக்காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்து விசை இறுகினால் பிள்ளை அழுத்தி அடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கம் பிறகு போகாது.

தமிழ் விசைப்பலகைக்கு இலங்கையின் தரநிலை ரெங்கநாதன் அமைப்பு என்பதை அறிவோம். தட்டச்சுப் பொறியிலும் பாமினி எழுத்துருவிலும் பழகியவர்களுக்கு அது இலகு. அங்கெல்லாம் கொம்பை முதலில் தட்டிப் பிறகே எழுத்தைத் தட்டிப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கமே இல்லாத பிள்ளைக்குத் தமிழ்99 ஏற்றது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளிலேயே அது கிடைக்கிறது. கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் ஓர் அமைப்பைத் தீர்மானித்து எல்லாப் பாடசாலைக் கணினிகளிலும் பதிவிக்க வேண்டும். தரம் 6இல் ஒன்றும் தரம் 9இல் வேறொன்றுமாக இருந்தால் விரல்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிற்றுநர்கள்,
திருகோணமலை.