விலைக்கு முன் வயதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டால் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. நீலக் கடல், மேல்தளத்தில் நீச்சல் குளம், தலைக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் ஒரு விலை. பதின்வயதுப் பிள்ளைகளையும் ஒரு சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல்முறையாகக் கப்பலேறப் போகும் குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் மட்டும் அவற்றில் இருப்பதில்லை. கப்பல் புறப்படும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை வயது நிறைந்திருக்கும்? எந்தக் கப்பல், எந்த வழித்தடம், எத்தனை கேபின் (தங்கும் அறை) என்பதையெல்லாம் இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. விலையைப் பார்த்துக் கப்பலைப் பிடித்துவிட்டு, அதற்குள் பிள்ளைகளைப் பொருத்தப் பார்ப்பதால்தான் பலருடைய முதல் பயணம் கசந்துபோகிறது.

கைக்குழந்தை என்றால், 6 மாதம் நிறையாமல் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் பயணத்துக்கும், தொடர்ந்து 3 நாளோ அதற்கு மேலோ கரை தொடாமல் போகும் பயணத்துக்கும் 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. நடுக்கடலில் குழந்தைக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கும். விதியின் காரணம் அதுதான். வைகிங், வெர்ஜின் வாயேஜஸ் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களில் 18 வயது நிறையாதவர்களுக்கே இடமில்லை. சலுகை விலையைப் பார்த்து அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது, ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாடவைக்கும் குழந்தைகள் கிளப். பெற்றோருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பதும் கிடைக்காததும் இதைப் பொறுத்தே இருக்கிறது. பல கப்பல்களில் கட்டணமில்லாத கிளப் 3 வயதில்தான் தொடங்குகிறது. குழந்தை டயப்பரை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே வரும். மூன்று வயது நிறைந்தும் டயப்பர் போடும் குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார்னிவல் நிறுவனம் 2 வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறது. அதைவிடச் சிறிய குழந்தைகளுக்குச் சில கப்பல்களில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பராமரிப்பு அறை உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் சில குழந்தைகளைத்தான் எடுப்பார்கள். இணையத்தில் முன்பதிவு திறந்த அன்றே, அது இல்லையென்றால் கப்பலில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே, இடம் பிடித்துவிட வேண்டும். சாயங்காலம் போய்க் கேட்டால் வாரம் முழுவதும் நிரம்பியிருக்கும்.

பதின்வயதினர் விஷயத்தில் பெற்றோர் கவனிக்கத் தவறுவது வயதுப் பிரிவுகளைத்தான். கார்னிவல், எம்எஸ்சி நிறுவனங்களின் கப்பல்களில் 12 முதல் 14 வரை ஒரு குழு, 15 முதல் 17 வரை இன்னொரு குழு. நார்வேஜியன் நிறுவனத்தில் 13 முதல் 17 வரை ஒரே குழு. பதினான்கு வயது அண்ணனும் பன்னிரண்டு வயதுத் தங்கையும் முதல் இரண்டு நிறுவனங்களின் கப்பல்களில் ஒன்றாக இருப்பார்கள். மூன்றாவதில் தங்கையைச் சின்னப் பிள்ளைகளோடு அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்குப் பதினைந்து நிறைந்துவிட்டால் முதல் இரண்டிலும் பிரித்துவிடுவார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த ஒரு வயது வித்தியாசம் பயணத்தையே மாற்றிவிடும். பிரிவுகள் மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும் அன்று ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். இன்னொன்று: பதின்வயதினர் கிளப்பில் நட்புகள் முதல் ராத்திரியே அமைந்துவிடும். அன்று இரவு நடக்கும் அறிமுகக் கூட்டத்துக்குப் போகாத பிள்ளை, மூன்றாம் நாள் போய் நிற்கும்போது எல்லோரும் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம் என்று சொல்லியாவது அந்த ஒரு மணி நேரம் அனுப்பிவையுங்கள்.

நீச்சல் குளத்துக்கு வருவோம். டயப்பர் போடும் குழந்தை பொதுக் குளத்தில் இறங்கக் கூடாது. நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பரும் செல்லாது. ஒரு குழந்தை தண்ணீரை அசுத்தப்படுத்திவிட்டால் குளத்தையே மூடிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தனி வடிகட்டியோடு கைக்குழந்தைகளுக்கான நீர் விளையாட்டிடம் இருக்கும் கப்பலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கைக்குழந்தைகள் விளையாடும் இடமும் அதில் அடக்கம். பழைய, சிறிய கப்பல்களில் இதை எதிர்பார்க்க முடியாது. குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்றும் எண்ணிவிடாதீர்கள். டிஸ்னி, ராயல் கரீபியன் கப்பல்களில் உண்டு. பல கப்பல்களில் எச்சரிக்கைப் பலகை மட்டுமே. ஆகவே பெற்றோரில் ஒருவர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பொறுப்பை அண்ணன், அக்காவிடம் ஒப்படைக்கக் கூடாது.

கேபின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத உள்பக்க கேபினின் பரப்பு சுமார் 150 முதல் 180 சதுர அடி. நான்கு பேர் தங்கலாம் என்றால், கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ ராத்திரியில் இறங்கும் இரண்டு மேல்படுக்கை என்று பொருள். அவை இறங்கி ஏணியும் போட்டபின் நடுவில் ஒருவர் ஒருக்களித்து நடக்கத்தான் இடமிருக்கும். அங்கே தொட்டிலையும் விரித்தால் குளியலறைக் கதவு திறப்பதே சிரமம். சின்னக் குழந்தையை மேல்படுக்கையில் படுக்கவைக்கவும் அனுமதியில்லை. பல நிறுவனங்கள் 6 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. எனவே மேல்படுக்கை பதின்வயதினருக்கு, கீழே பெற்றோரோடு குழந்தை என்றுதான் கணக்குப் போட வேண்டும். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும், பெரிய பிள்ளைகள் நள்ளிரவில் வந்து விளக்கைப் போடுவார்கள். முடிந்தால் இரண்டு கேபின் எடுப்பதே நல்லது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டும் தொகையையும் சேர்த்துக் கூட்டினால், இரண்டு உள்பக்க கேபின்கள் சில சமயம் ஒரு பெரிய பால்கனி கேபினைவிடக் குறைவாகவே வரும். குளியலறையும் இரண்டு கிடைக்கும்.

இரண்டு கேபின் எடுக்கும்போது ஒரு சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து கேபின் வேறு, உள்ளே இணைப்புக் கதவு உள்ள கேபின் வேறு. இணைப்புக் கதவு உள்ளவை குறைவு, சீக்கிரம் தீரும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு கேபினிலும் குறிப்பிட்ட வயது நிறைந்த ஒரு பெரியவரின் பெயர் இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் அந்த வயது 21. அதனால் பதிவில் அப்பா ஒன்றிலும் அம்மா இன்னொன்றிலும் இருப்பார்கள். ஏறிய பிறகு எப்படிப் படுப்பது என்பது உங்கள் விருப்பம்.

கேபின் காலியாக இருந்தும் நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை என்று இணையதளம் காட்டினால் அது கோளாறு அல்ல. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகுகளில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அந்தப் பகுதியின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் மூன்றாவது, நான்காவது படுக்கையை விற்க மாட்டார்கள். பெரிய குடும்பங்கள் ஏழெட்டு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டியதற்கு இதுவே முக்கியமான காரணம்.

குமட்டலுக்குப் பயந்தால் கப்பலின் நீள வாக்கில் நடுவிலும், கீழ்த்தளத்திலும் கேபின் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. கப்பலின் பக்கவாட்டு ஆட்டத்தைத் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. குமட்டல் மாத்திரையைக் குழந்தைக்கு உங்கள் கணக்கில் கொடுக்காதீர்கள். டைமென்ஹைட்ரினேட் என்ற குமட்டல் மருந்து 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் மருந்துப் பட்டை பெரியவர்களுக்கானது. மருத்துவரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்கிச் செல்லுங்கள். பால்கனி எடுத்தால் அங்குள்ள நாற்காலியைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டுவையுங்கள். நாற்காலியில் ஏறத் தெரிந்த குழந்தைக்குக் கைப்பிடியின் உயரம் ஒரு தடையே அல்ல.

ஆவணங்களில் தவறினால் துறைமுகத்திலேயே பயணம் முடிந்துவிடும். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் ஆயுள் குறைவு என்பதால் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். விசா விஷயத்தில் கப்பலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியேறி, வேறு நாட்டைத் தொட்டுத் திரும்பினால் அது புதிய நுழைவாகக் கருதப்படலாம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியிலிருந்து கிளம்பி வெளியே போய்த் திரும்பும் வழித்தடத்துக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. கரையிறங்கவே போவதில்லை என்று சொன்னாலும் வழியில் உள்ள எல்லா நாடுகளின் விசாவையும் கேட்கும் கப்பல்கள் உண்டு. பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையொப்பத்தோடு கொண்டுபோக வேண்டும். தாத்தா, பாட்டியோடு அனுப்பினால் இருவருடைய கடிதமும் தேவை.

தலைக்கு இவ்வளவு என்ற விலை, ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கு. அதன்மேல் துறைமுக வரி வரும், குழந்தைக்கும் சேர்த்து. பிறகு ஒவ்வொருவருக்கும் தினசரி சேவைக் கட்டணம், வைஃபை, பாட்டில் பானங்கள், கரைச் சுற்றுலா. வைஃபையைக் கருவிக்கு இத்தனை என்று விற்பார்கள். நான்கு செல்போனுக்கு வாங்காமல் ஒன்றுக்கு வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். கப்பல் நகர்ந்தவுடன் எல்லாப் போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். மறந்தால் போன் தானாகக் கப்பலின் கடல்வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் மிக அதிகம். கப்பலில் எல்லாச் செலவும் கேபின் அட்டையில்தான் ஏறுகிறது. பிள்ளையின் அட்டையும் உங்கள் கணக்கோடு இணைந்தது. வீடியோ விளையாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் பணம் போகும். முதல்நாளே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பிள்ளைகளின் அட்டைக்கு நாள்வரம்பு போடச் சொல்லுங்கள்.

கப்பல் கிளம்பும் அன்று காலையில் விமானத்தில் வந்திறங்கக் கூடாது, ஒருநாள் முன்பே வந்துவிட வேண்டும். விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். கேபினே மதியத்துக்கு மேல்தான் தயாராகும். மருந்து, பாஸ்போர்ட், டயப்பர், நீச்சல் உடை, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். டயப்பரும் பால்பவுடரும் கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பாமல் முழுப் பயணத்துக்கும் இரண்டு நாள் அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றைத் தீ ஆபத்துக்காகப் பறிமுதல் செய்வார்கள். தள்ளுவண்டி குடைபோல் மடங்குவதாக இருக்கட்டும். கேபின் கதவு குறுகல், நடைபாதையில் நிறுத்திவைக்கவும் விட மாட்டார்கள். கேபின் சுவர் பெரும்பாலும் உலோகம் என்பதால் நான்கைந்து காந்தக் கொக்கிகள் ஈரத் துணி மாட்ட மிகவும் உதவும்.

அபாய நேரத்தில் என்ன செய்வது என்று பயணிகளுக்குச் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது பழைய விதி. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நெடிய சங்கொலி, இதுதான் அபாய அறிவிப்பு. குழந்தைக்கேற்ற அளவில் உயிர்காப்பு உடை கேபினுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். கிளப்பில் குழந்தை இருக்கும்போது அபாயச் சங்கு ஒலித்தால் யார் அழைத்துவருவார்கள், எந்த இடத்துக்கு என்று ஊழியரிடம் கேட்டுவையுங்கள். கிளப் தரும் கைப்பட்டையைக் குளிக்கும்போதும் கழற்றக் கூடாது.

கரையிறங்கும் நாட்களில் கப்பலின் நேரமும் ஊரின் நேரமும் வேறாக இருக்கலாம். பதின்வயதினரின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள், போன் தானாக மாறிவிடும். கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாக எடுத்த வண்டி தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். சில துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காமல், சிறு படகில்தான் இறக்குவார்கள். வரிசையும் வெயிலும் சின்னக் குழந்தையைப் படுத்திவிடும். வழித்தடத்தில் அப்படி எத்தனை நிறுத்தம் என்று முன்பே கேளுங்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்குக் கிருமிநாசினி ஜெல் போதாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலாப் பக்கங்களை வெளியிடும்போது தலைக்கான விலைக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்: குழந்தைகள் கிளப் எந்த வயதில் தொடங்குகிறது, பதின்வயதுப் பிரிவுகள் எவை, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் துறையில் பணிபுரியும் வாசகர்