கலர் கடை ஃபிரிட்ஜில் பூத்தது

பாளையங்கோட்டை,
தை மாதக் கடைசி

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலந்தானே. அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, உன் தைலம் தீர்ந்துபோச்சு, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு.

எட்டு மாதமாக எழுதாததற்கு வேலை காரணமில்லை. போனில் நீ “செடி எப்படிட்டி இருக்கு” என்று கேட்டபோதெல்லாம் “இருக்கு” என்றேனே, அது பாதிப் பொய். ஈரத்துணியில் சுற்றி என் மடியில் வைத்துக் குன்னூரிலிருந்து அனுப்பினாயே, அந்த மூன்று மாஸ்டிவேலியா ஆர்க்கிட்டில் இரண்டு போன வைகாசியிலேயே செத்துப்போச்சு. சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவதும் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது நேற்றுக் காலையில் பூத்துவிட்டது!

வீச்சியானா என்று சீட்டு எழுதி வைத்திருந்தாயே, அதுதான். ஒரு சாண் காம்பு, நுனியில் ஒரே பூ. ஆரஞ்சு நிறத்தின்மேல் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக ரோமம். தலையைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் ஓடுகிறது, பெரியக்கா கல்யாணத்துக்கு எடுத்த இரட்டைநிறப் பட்டு மாதிரி. இதழ் என்று நாம் நினைக்கிற மூன்றும் புல்லிதழ்களாம், நிஜ இதழ்கள் உள்ளே அரிசிக் குறுணை அளவுக்கு ஒளிந்துகொண்டிருக்கின்றன. அப்பாவின் லென்ஸை எடுத்து அரை மணி நேரம் பார்த்தேன். பெரு நாட்டில் மச்சு பிச்சு பக்கத்துப் பாறைகளில் முளைக்கிற செடி, நம் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பின்கட்டில் பூத்திருக்கிறதே என்று நினைத்தால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

முதல் இரண்டும் ஏன் போயின என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். நான் பகல் வெயிலுக்குத்தான் பயந்தேன். மாடியில் இரட்டை வலை கட்டினேன், மண்தொட்டியில் மணல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சட்டியை வைத்தேன், சுற்றி ஈரச்சாக்கு. பகலில் நாலு டிகிரி இறங்கியது, சரி, பிழைத்துவிடும் என்றிருந்தேன். கொன்றது ராத்திரி. வைகாசியில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், தெர்மாமீட்டர் 31 காட்டுகிறது. பகலெல்லாம் செடி சமைத்து வைப்பதை ராத்திரி மூச்சுவிட்டே செலவழிக்கிறது, ராத்திரி சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். ஆண்டிஸ் மலையில் மேகத்துக்குள்ளேயே கிடந்து பழகிய செடி இது, ராத்திரி 10, 12 டிகிரிதான் அதற்கு வழக்கம். கேட்லியா ஆர்க்கிட்டுக்காவது தண்டு தடித்து ஒரு சேமிப்பு இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. இலையும் வேரும், அவ்வளவுதான். வாடுகிறதே என்று பதறி ஐஸ் தண்ணீர் வேறு ஊற்றினேன், ஒரு வாரத்தில் வேர் அழுகிக் கையோடு வந்துவிட்டது. “இலையைப் பாருங்கட்டி, அதுதான் பேசும்” என்று நம்ம பாட்டனி மிஸ் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்.

அப்புறம்தான் தாணு வழி சொன்னான். ஜங்ஷனில் அவன் கலர், சோடா விற்ற கடையை மூடியபோது கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கி வந்து கம்பித் தட்டுகளைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போட்டு அதன் சென்சாரை உள்ளே தொங்கவிட்டோம். பகலில் 20, ராத்திரி 12. இரண்டு எல்இடி பட்டை, டைமரில் பன்னிரண்டு மணி நேரம். கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன ஃபேன் ஒன்று ராப்பகலாக ஓடுகிறது. காற்று நின்றால் இலையில் கரும்புள்ளி விழுந்துவிடுகிறது, பத்தே நாளில் கண்டுகொண்டேன். இன்னொன்று, கம்ப்ரசர் ஓட ஓட உள்ளே இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிப் பின்னால் தட்டில் வடித்துவிடுகிறது, அதனால் அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும். செடிக்கு ஐப்பசி மழையில் டிரம்மில் பிடித்த தண்ணீர் மட்டும்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது பட்டால் இலை நுனி கருகுகிறது. சட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருக்கிற ஸ்பாக்னம் பாசியை விரலால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

அம்மா தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்து “இதுக்குக் குளிருதா” என்று கேட்கிறாள்.

மீனா, இன்னொன்று சொல்ல வேண்டும், இரண்டு வாரமாக மனசை அரிக்கிறது. நான் ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்று கேள்விப்பட்டு ஒரு ஆள் சாக்குப்பையோடு வந்தான். உள்ளே ஆறேழு செடி, வேரில் மலைமண் அப்படியே ஒட்டியிருக்கிறது. பூ இல்லை, ஆனால் விசிறி மாதிரி விரிந்த பட்டை இலை, சிலிப்பர் ஆர்க்கிட்டின் இலை. பொதிகையிலிருந்து என்றான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேபியோபெடிலம் ட்ரூரி என்கிற சிலிப்பர் ஆர்க்கிட் அங்கேதான் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கர்னல் ட்ரூரி 1865ல் கண்டெடுத்தது, மஞ்சள் பூவின் நடுவில் நாமம் இழுத்தாற்போல் பழுப்புக் கோடு. தோண்டித் தோண்டியே அதை அழிகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தோண்டுவதே குற்றம், போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினேன், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்தச் செடிகள் எங்கே போயிருக்கும்? அவனைப் பேச்சில் நிறுத்திவைத்து வனத்துறைக்குப் போன் போட்டிருக்க வேண்டும், அது எனக்கு அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது. மாடியில் நின்றால் மேற்கே அந்த மலை தெரிகிறது, பார்க்கும்போதெல்லாம் அந்தப் பைதான் ஞாபகம் வருகிறது. உன் பக்கம் யாராவது மலைச்செடி வாங்கினால் நர்சரியில் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்கச் சொல், கண்டிப்பாகச் சொல்.

கடைசியாக, உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். கார்த்திகையில் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜுக்குள் 12லிருந்து 23 ஆகிவிட்டது. மழைக்காலத்திலேயே இப்படி என்றால் கத்திரி வெயிலில் ஒரு சாயங்காலம் போதும். அதனால் பங்குனி முடிவதற்குள் செடியைக் கொண்டு வருகிறேன், ராத்திரி பஸ்ஸில், தெர்மாகோல் பெட்டியில். ஐப்பசியில் வந்து திரும்பக் கூட்டிப் போகிறேன். உன் சமையலறை ஜன்னலில் அது இருந்த இடத்தில் வேறு எதையும் வைத்துவிடாதே, அந்தக் கத்தரிச்செடியைச் சத்தியமாக வைக்காதே.

உடன்குடிக் கருப்பட்டி எத்தனை கிலோ வேண்டும் என்று எழுது.

உன்
செல்வி