16 மணி நேரப் பட்டினியும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியருக்கு,

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் செல் தன்னைத்தானே தின்னுமாம், புற்றுநோய் ஓடிவிடுமாம், நோபலே கொடுத்துவிட்டார்களாம். 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது உண்மைதான். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்லை! பழுதான புரதத்தைச் சவ்வுப் பையில் கட்டி, செல்லே செரித்துக்கொள்வது தன்னுண்ணல். மனிதருக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு நிறுவப்படவில்லை. வளர்ந்துவிட்ட புற்றுக்கட்டியோ இதே வழியில் தன் குப்பையைத் தின்று பிழைக்கிறது. அதைத் தடுக்கத்தான் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சோதித்தார்கள்.

இதை நம்பி, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலை இட்லியைத் தவிர்ப்பவர்கள்தான் கவலைக்குரியவர்கள். மாத்திரை இன்சுலின் சுரக்கக் கணையத்தை முடுக்கிக்கொண்டே இருக்கும், உணவு வராது, ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் போடுவோர், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுவோர், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் பட்டினியைத் தொடங்கவே வேண்டாம்.

- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி