பாப்பாவுக்காக நின்ற உங்கள் எல்லோருக்கும்

அன்புடையீர்,

காது கேட்காதிருந்த எங்கள் பாப்பா இந்த ஜூன் மாதம் நம் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று அவளே சொல்கிறாள். இதற்குக் காரணமானவர்களின் பெயரைப் போட்டால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் பெயரில்லாமல் எழுதுகிறேன். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அங்கன்வாடி டீச்சருக்கு. எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறித் தரையில் விழுந்தபோது மற்ற பிள்ளைகள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்ப, பாப்பா மட்டும் தலை நிமிராமல் விளையாடிக்கொண்டிருந்ததைக் கவனித்தது நீங்கள்தான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகளைப் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு வந்த அன்று அவளை முதல் ஆளாக நிறுத்தினீர்கள். அவர்கள் எழுதித் தந்த சீட்டோடுதான் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனோம்.

சத்தத்துக்குக் கேட்கும் நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையைச் செய்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) அம்மாவுக்கு அடுத்த நன்றி. தூங்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி எடுத்த பரிசோதனை அது. இரண்டு காதும் கேட்கவில்லை என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அத்தை மகனைக் கட்டியதாலா?" என்பதுதான். நீங்கள் மழுப்பவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. காது நன்றாகக் கேட்கும் அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்து பிள்ளையிடம் ஒன்றுசேரலாம், சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடுதல் என்றீர்கள். அதே மூச்சில், கர்ப்பத்தில் வரும் ரூபெல்லா அம்மை, குறைமாதப் பிறப்பு, முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் என்று மற்றக் காரணங்களையும் அடுக்கினீர்கள். அன்று அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

காது மெஷின் மாட்டிப் பார்த்தும் பலன் இல்லை. உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்களே வேலை செய்யாதபோது சத்தத்தைக் கூட்டி என்ன பயன்? அறுவை செய்து வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற கருவி அந்தச் செல்களைத் தாண்டி, நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்து நேரே கேட்கும் நரம்பைத் தூண்டுகிறது. கருவியின் விலை பல லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களால் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அறுவை செய்த காது மூக்கு தொண்டை டாக்டருக்கும், வார்டு செவிலியர்களுக்கும், காப்பீட்டு அட்டையில் இருந்த பெயர்ப்பிழையைத் திருத்த எங்களோடு அலைந்த தம்பிக்கும் நன்றி.

காயம் ஆறி, சில வாரம் கழித்து, ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிக்கருவியை மாட்டி முதன்முதலாக ஆன் செய்தபோது பாப்பா பயந்து அழுதாள். "இன்னைக்குத்தான் அவ காது பிறந்திருக்கு, இனிமேதான் வேலையே" என்றார் ஸ்பீச் தெரபிஸ்ட். தெரபிஸ்ட் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல! அவள் உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பதற்காக, வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொரு ஒலியாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் அவள் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். அத்தை அதை வீட்டில் புளியங்கொட்டையும் பவுடர் டப்பாவுமாக ஆக்கிக்கொண்டார். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அதுதான். "ஸ்" ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. அது கேட்டு டப்பாவில் கொட்டை விழுந்த அன்று அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தார்.

தெருக்காரர்களே, நீங்களும்தான். கீரைக்கார அக்கா, பால்காரர், எதிர்வீட்டுத் தாத்தா, எல்லோரும் அவளிடம் ஒரே வார்த்தையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். கருவி ஒலியைத்தான் கொடுத்தது, பேச்சை நீங்கள் கொடுத்தீர்கள். மனதார நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்களை அறியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க் உருவாக்கிய காக்ளியர் இம்பிளாண்ட் கருவியை முதன்முதலாகத் தன் காதில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் ராட் சாண்டர்ஸ். விபத்தில் கேட்கும் திறனை இழந்தவர். பலன் கிடைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நேரத்தில் அவர் துணிந்தார்.

அறுவைக்கு முன் நாங்கள் தயங்கி நின்றபோது மருத்துவமனை வராந்தாவில் ஓர் அம்மா தன் மகனைக் கூப்பிட்டு, "ஆன்ட்டிகிட்ட பேசு" என்றார். இம்பிளாண்ட் வைத்த பையன். அவன் என்னிடம் என் ஊரைக் கேட்டான். அங்கேயே முடிவெடுத்துவிட்டோம். அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதைப் படித்தால் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் போல நாங்களும் செய்ய நினைக்கிறோம். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தவிக்கும் யாராக இருந்தாலும் தாமதிக்காமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பாப்பா வீட்டில்தான் இருப்பாள், அவளிடமே பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா