மூன்றாவது சக்கரம் ஓடும் ஓரம்: கடலோரச் சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் பாம்பன் தாண்டி அரிச்சல்முனை வரை, நீங்கள் போட்டுப் பராமரிக்கிற சாலைகளில் சைடுகார், அதாவது பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் உட்காரும் தொட்டி, வைத்த புல்லட் ஓட்டுகிறவன் நான். ஐப்பசி மழைக்கு முன்னால் சாலை ஓரங்களைச் சரிசெய்ய எப்படியும் ஆள் அனுப்புவீர்கள். அதற்குள் இதைப் படித்துவிட்டால் நல்லது.

முதலில் வண்டி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பைக்கில் ஒருக்களித்து உட்காரப் பயம், பஸ் படியோ உயரம். மாதம் இரண்டு தடவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துக் கட்டுப்படியாகாமல், பழைய புல்லட்டில் ஒரு தொட்டியைப் பூட்டினேன். முறைப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றித்தான் ஓட்டுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது கப்பல் வண்டி. பார்க்கிங் சீட்டுக் கிழிக்கிற தம்பிகளுக்கு ஆட்டோ. "மூணு சக்கரம் இருக்குல்லண்ணே" என்பார்கள். கழற்றி மாட்டும் சைடுகாரையும் அதன் கூடுதல் சக்கரத்தையும் சேர்த்துத்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(27), மோட்டார் சைக்கிள் என்கிறது. அதைப் போனில் வைத்திருக்கிறேன். காட்டினால் சிலர் சிரித்துக்கொண்டே பைக் ரேட் வாங்குவார்கள். சரி, அந்த வழக்கு உங்களுடையது இல்லை.

அந்த மூன்றாவது சக்கரம் ஓடுகிற இடம்தான் உங்களுடையது. நம் நாட்டில் தொட்டி இடப்பக்கம். பைக் ஓடுகிற தடத்துக்கு மூன்றடி தள்ளி, சாலையின் கடைசி விளிம்பில் அந்தச் சக்கரம் உருளும். மழைத் தண்ணீர் வடிய நீங்கள் சாலைக்கு நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்று வாட்டம் வைப்பீர்கள். வேறு வண்டிக்காரர் யாருக்கும் அது தெரியாது. எனக்கு அதுதான் நாள் முழுக்கக் கையில் வலி. பைக்கைப்போல் இதைச் சாய்த்து ஓட்ட முடியாது, ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பத்தான் வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் அடித்தால் வலப்பக்கம் வாங்கும். இதைச் சமாளிக்கத் தொட்டிச் சக்கரத்தின் முன்பக்கத்தைப் பைக்கை நோக்கிக் கொஞ்சம் உள்வாங்கியும், பைக்கை வலப்பக்கம் ஒரு நூல் சாய்த்தும் பூட்டுவார் மெக்கானிக். அப்படியும் வாட்டம் ஓரத்துக்கே இழுக்கும். அந்த ஓரத்தில்தான் உங்கள் தார் முடிகிறது.

போன ஐப்பசியில் ஏர்வாடி தாண்டி வந்துகொண்டிருந்தேன். மாலை நேரம், தூறல். எதிரே பெரிய விளக்குப் போட்டு ஒரு வேன். கண் கூசி ஒரு கை இடப்பக்கம் ஒதுங்கினேன். தொட்டிச் சக்கரம் தாரை விட்டு இறங்கி ஈர மணலில் புதைந்தது. வண்டி காட்டுக்குள் இழுத்தது. ஹேண்டிலை வலப்பக்கம் திருகிப் பிடித்தேன். அது தப்பு என்று இப்போது தெரியும். வேகத்தைக் குறைத்து மணலிலேயே ஓடவிட்டிருக்க வேண்டும். சக்கரம் சட்டென்று தாரில் ஏறியது. இழுக்கிற மணல் போய்விட்டது, திருகிய ஹேண்டில் அப்படியே இருந்தது. எதிர்ச் சாரியில் போய் நின்றோம். நல்ல வேளை, வேனுக்குப் பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் தூரத்திலேயே பிரேக் போட்டுவிட்டார். அம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "டீ குடிக்கவா நிப்பாட்டினே?" என்றார்.

மறுநாள் டேப்போடு அங்கே போனேன். தாருக்கும் மண்ணுக்கும் நாலரை இஞ்ச் இறக்கம். உட்கார்ந்து பார்த்தால் வெட்டிய கேக் மாதிரி தெரிகிறது: மேலே புதுத் தார், அடியில் வெளுத்த பழைய தார், அதற்கும் கீழே இன்னொன்று. சாலை மூன்று தடவை உயர்ந்திருக்கிறது, பெர்ம் என்கிற ஓரத்து மண் ஒரு தடவையும் உயரவில்லை. தார் போட்ட கையோடு ஓரத்தில் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டித் தார் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. வெறும் மணலை அள்ளி நிரப்பினால் முதல் மழையிலேயே அது கடலுக்குப் போய்விடும்.

அப்புறம் சீமைக்கருவேல். லாரிக்கு இடிக்காத அளவுக்கு மேல் கிளைகளை வெட்டிவிடுகிறீர்கள், நன்றி. அம்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், அதுவும் ஓரத்துப் பக்கம் இருக்கிறது. அந்த உயரத்துக் கிளைகளை யாரும் வெட்டுவதில்லை. அவருடைய சேலை முந்தானைகளில் பாதி முள் கிழித்தவை. வெளியே கிளம்பினால் முகத்துக்கு நேராக ஒரு முறத்தைப் பிடித்துக்கொள்கிறார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு.

அரிச்சல்முனைச் சாலை வேறு ரகம். அங்கே முள் இல்லை, மணல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆண்கடல், அதாவது தெற்கே மன்னார் வளைகுடா, பக்கத்திலிருந்து மணல் ஏறி விளிம்பில் நாக்கு நாக்காகப் படுத்திருக்கும். போகும்போது அது நமக்கு வலப்பக்கம், தொல்லையில்லை. திரும்பும்போதுதான் தொட்டிச் சக்கரத்துக்கு நேராக வரும். காலையில் ஒருமுறை விளிம்பைக் கூட்டிவிட்டாலே போதும். பாம்பன் பாலத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. மற்ற பைக்குகள் தள்ளாடுகிற காற்றில் என் வண்டி அசையாது. ரயில் பார்க்க இடப்பக்கம் காரை நிறுத்துகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

ஒரு ஆளின் கப்பல் வண்டிக்காகச் சாலை போட முடியுமா என்று நினைப்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுகிற, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களைக் கவனியுங்கள். அவர்களுடைய இடச் சக்கரமும் இதே விளிம்பில்தான் உருளுகிறது. லாரிக்கு ஒதுங்கி மீன் பெட்டியோடு மண்ணில் இறங்குகிற டி.வி.எஸ்.காரர்களும், குடத்தோடு நடக்கிற பெண்களும் அங்கேதான் போகிறார்கள்.

எழுதினால் புரியாது என்றால் ஒருநாள் வாருங்கள். தொட்டி காலியாக இருந்தால் இடது வளைவில் அந்தச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். அதனால் அம்மா வராத நாட்களில் ஒரு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிறேன். ஏர்வாடியிலிருந்து சாயல்குடி வரை உங்களில் ஒருவர் உட்கார்ந்து வருவதாக இருந்தால் மூட்டையை இறக்கி வைத்துவிடுகிறேன். முறம் வண்டியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
சைடுகார் ஓட்டுகிறவன்